இறக்குமிடம்

இன்னும் அரை மணியில் வழியை விட்டுவிடுவார்கள் என்று ரேஞ்சர் சொல்லிவிட்டுப் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னாசி ஸ்டியரிங்கின் மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றி, தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தூங்குகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். தூங்கவில்லை. எப்படித் தூங்குவது? முதுகுக்குப் பின்னால், ஒரு தகரத்துக்கும் நாலு மரத்துண்டுக்கும் அந்தப் பக்கம், ஒரு யானை நின்றுகொண்டிருந்தது. அது ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறும்போதெல்லாம் லாரி லேசாகச் சாய்ந்து நிமிர்ந்தது, அந்தச் சாய்வு இருக்கை வழியாக ஏறி அவன் இடுப்புக்கு வந்தது. இன்ஜினை அணைப்பதா வேண்டாமா என்று யாரும் சொல்லவில்லை. அணைத்தால் யாரைக் கேட்டு அணைத்தாய் என்பார்கள், ஓடவிட்டால் டீசல் உங்கப்பன் வீட்டிலிருந்தா வருகிறது என்பார்கள். வனத்துறையில் பதினோரு வருஷமாகத் தற்காலிக டிரைவராக இருப்பவனுக்கு இந்தக் கேள்விகள் இரண்டும் கேட்கப்படுவதற்கு முன்பே காதில் விழும். அணைத்தான். வைத்தால் குடுமி, சிரைத்தால் மொட்டை, எதுவாவது ஆகட்டும். ஒன்றுக்கு வேறு முட்டிக்கொண்டு நின்றது. அடிவாரச் செக்போஸ்டிலேயே போயிருக்கலாம், அப்போது யானையோடு வந்த கால்நடை டாக்டர் நிற்காதீர்கள் நிற்காதீர்கள் என்று கையை ஆட்டினார். இப்போது நிற்பதைத் தவிர வேறு வேலையே இல்லை, ஆனால் இறங்க முடியாது. இறங்கினால் தொப்பியை மேலே தள்ளியாக வேண்டும், முகம் தெரியும். எதிரே இருபதடி தூரத்தில் ரோட்டை அடைத்துக்கொண்டு மஞ்சப்பாறை எஸ்டேட்டே உட்கார்ந்திருந்தது, இருநூறு பேருக்குக் குறையாது. அதில் முதல் வரிசையில், கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் சுற்றுகிற தார்ப்பாய்த் துண்டைக் கீழே விரித்து, பச்சைச் சேலையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தவள் அவனுடைய சொந்த அக்கா லூர்து.

அவள் அவனைப் பார்த்துவிட்டாள். லாரி வளைவில் திரும்பி நின்றவுடனேயே பார்த்துவிட்டாள். பார்த்த கையோடு முகத்தை ஓரத்துத் தேயிலைச் செடிப் பக்கம் திருப்பிக்கொண்டு, அவிழாத கொண்டையை அவிழ்த்து மறுபடி முடிந்தாள். நல்லது, தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள வேண்டாம் என்று அவளுக்கே தோன்றியிருக்கிறது என்று முதலில் நிம்மதியாக இருந்தது. பிறகு எரிச்சல் வந்தது. இந்தப் புத்தி புதன்கிழமையே வந்திருந்தால் என்ன கெட்டுப் போயிருக்கும்? யானையை எங்கே இறக்கப் போகிறோம் என்பது ரகசியம். ஊருக்கெல்லாம் வேறொரு மலையின் பெயரைச் சொல்லி வைத்திருந்தார்கள். டிரைவர் என்பதால் இன்னாசிக்கும் செவ்வாய்க்கிழமை வரைபடத்தைக் காட்டி, மஞ்சப்பாறை எஸ்டேட், பதினாலாம் நம்பர் காட்டுக்கு மேலே, பழைய மரம் ஏற்றும் மேடு, வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்று கேட்டார்கள். முடியும் என்றான். சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று யோசித்தான். பதினாலாம் நம்பர் என்றால் லூர்து கொழுந்து எடுக்கிற தேயிலைக் காடு. எப்படிச் சொல்லாமல் இருப்பது? வனத்துறை சம்பளம் கொடுக்கலாம், அக்காவைக் கொடுக்குமா? போன் போட்டான். "அக்கா, வெள்ளிக்கிழமை பதினாலாம் நம்பருக்குப் போவாத." "ஏன்டா?" "போவாதன்னா போவாத. ஒடம்புக்கு முடியலன்னு லீவு சொல்லு." "எனக்கு ஒடம்பு நல்லாத்தானே இருக்கு?" அவளிடம் இப்படித்தான். ஒரு காரணத்தைக் கையில் வைக்காவிட்டால் விடிய விடியக் கேட்பாள். சொன்னான். மூச்சு விடக் கூடாது என்று மூன்று தரம் சொன்னான். "நான் எதுக்குடா சொல்லப் போறேன்" என்றாள். அவள் யாரிடமும் சொல்லவில்லைதான், தன்னோடு கொழுந்து எடுக்கிற பதினோரு பெண்களைத் தவிர. அதை அவள் சொன்னதாகவே கணக்கில் வைக்க மாட்டாள். பத்தொன்பது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்து நிரையில் நின்று எடுக்கிறவர்கள். தன் நிரையில் பாம்பைப் பார்த்தவள் சத்தம் போடாமல் ஒதுங்கி நின்றாளென்றால், மறுநாள் அவள் சாக்கைத் தலைக்குத் தூக்கிவிட ஒரு கை வராது. அங்கே எழுதாத சட்டம் அது. அந்தப் பதினோரு பேரில் எமிலி என்ற ஒரு புண்ணியவதி, அன்றைக்குச் சாயங்காலம் கோயிலில் மன்றாட்டுச் சொல்ல எழுந்து, நோயாளிகளுக்காகவும் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காகவும் வேண்டிவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை பதினாலாம் நம்பர் காட்டில் இறக்கப்படவிருக்கும் காட்டுயானையிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று கண்ணை மூடிக்கொண்டு ஒலிபெருக்கியில் வேண்டினாள். கோயிலே ஒரு குரலாக, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்றது. ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, வெளியே பைக்கில் சாய்ந்து நின்ற தொழிற்சங்கத்துத் தனபால் கேட்டுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும். இதில் கெட்டது எந்த நுணல், அவளா, எமிலியா, நானா, நான்தான், வேறு யார்.

லாரி மறுபடி சாய்ந்து நிமிர்ந்தது. மேலே குறுக்குக் கட்டையில் உட்கார்ந்து இரண்டு வாட்சர்கள் குடம் குடமாக யானை மேல் தண்ணீர் ஊற்றினார்கள். அது மரப்பலகை வழியாக ஒழுகி டயரை நனைத்து ரோட்டில் ஓடையாக ஓடி, உட்கார்ந்திருந்த கூட்டத்தை நோக்கிப் போனது, அவர்கள் காலை ஒதுக்கிக்கொண்டார்கள். அந்தத் தண்ணீரைப் பார்க்கப் பார்க்க இன்னாசிக்கு அடிவயிறு இன்னும் இறுகியது. பந்தல்காரன் என்று கீழே நல்லாம்புதூர்க்காரர்கள் இந்த யானைக்குப் பெயர் வைத்திருந்தார்கள். சமவெளியில் இறங்கி ஒரு வருஷமாகப் பீர்க்கன் பந்தல், புடலைப் பந்தல், பாகற்பந்தல் என்று ஒன்று விடாமல் இழுத்துப் போட்டவன். பாகற்காயை மட்டும் தின்ன மாட்டான், பந்தலை இழுத்துப் போட்டுவிட்டுப் போய்விடுவான். ஆளை அடித்ததில்லை. இன்னும் அடிக்கவில்லை என்று எழுதுங்கள் என்று ரேஞ்சர் ஒருமுறை காகிதத்தைத் திருத்தச் சொன்னார். அவர்களும் எத்தனை நாள் பொறுப்பார்கள், தாலுகா ஆபீஸ் முன்னால் முறிந்த கல்தூணையும் செத்த கொடியையும் கொண்டுவந்து கொட்டினார்கள், பிடித்துக்கொண்டு போ என்றார்கள். இன்று விடிகாலையில் மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துத் தள்ளி ஏற்றினபோது ஊரே கூடிவிட்டது. ஒரு பக்கம் பட்டாசு, ஒரு பக்கம் கற்பூரம். லாரி நகர்ந்தபோது ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வா சாமி" என்றாள். பக்கத்தில் நின்ற புருஷன் அவள் கையைத் தட்டி, "வான்னு சொல்லாத புள்ள, வந்து தொலையப் போகுது!" என்றான். அப்போது இன்னாசிகூடச் சிரித்துவிட்டான். சிரிக்க என்ன இருந்தது அதில்? அவர்களுக்கு யானை போகிறது என்பதுதான் தெரியும், எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக் குப்பையைத் தெருவில் தள்ளுகிறவள் தெரு யாருடையது என்றா கேட்பாள்? சே, யானையைப் போய்க் குப்பை என்கிறேனே. அதன் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டியிருந்தார்கள். மலை ஏறுகிறோம் என்று அதற்குக் காது அடைப்பதில் தெரிந்திருக்குமா, யானைக்குக் காது அடைக்குமா, அவ்வளவு பெரிய காது, அடைத்தால் எவ்வளவு வலிக்கும். பதினெட்டாவது கொண்டை ஊசி வளைவில் அது துதிக்கையை நீட்டி கேபினின் பின்கண்ணாடிக் கம்பியைத் தடவியது. ஈரமான நுனி. தன் கழுத்தைத் தொட்ட மாதிரி அவனுக்குச் சிலிர்த்தது, வண்டியை ஒரு சாண் அதிகமாகவே உள்பக்கம் ஒடித்துவிட்டான்.

அக்கா புருஷன் மாசிலாமணி மச்சானை அடித்துக் கொன்றது வேறு யானை. அது நாலு வருஷத்துக்கு முன்னால். ரேஷன் கடையிலிருந்து லைன் வீட்டுக்கு வருகிற குறுக்குப் பாதையில், இன்னும் வெளிச்சம் இருக்கும்போதே. இன்னாசிதான் துறை ஜீப்பை ஓட்டிக்கொண்டு போனான். யார் என்று தெரியாமல்தான் போனான், செருப்பைப் பார்த்துத் தெரிந்துகொண்டான். அந்தச் செருப்பு பொங்கலுக்கு அவனே எடுத்துக் கொடுத்தது. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். நினைக்க வேண்டாம் என்றால் அதுவே வந்து நிற்கிறது. துக்கத்துக்கு வந்த பத்திரிகைக்காரரிடம் லூர்து, அது அதன் வழியில் போனது, இவர் இவர் வழியில் வந்தார், யாரைக் குற்றம் சொல்வது என்று சொல்லிவிட்டாள். அழுது களைத்துப் போனவள் வாயில் வந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அதைப் பெரிய எழுத்தில் போட்டு, துறையில் ஒரு விழாவுக்குச் சட்டம் மாட்டி வைத்து, யானையோடு வாழப் பழகிய மக்கள் என்று அதைக் காட்டியே நாலு வருஷம் ஓட்டிவிட்டார்கள். ஆபீஸ் வராந்தாவில் அந்தச் சட்டத்துக்குக் கீழேதான் அவன் தினமும் வண்டிச் சாவியை மாட்டுகிறான். ஒருநாள் அவளிடம் இதைச் சொன்னபோது, "எனக்குப் பழகிருச்சுன்னு எவன்டா சொன்னது? விளக்கு வச்சா வாசலுக்கு வரமாட்டேன், கொல்லைக்குப் போகணும்னா அடக்கிக்கிட்டு விடியறவரை படுத்திருப்பேன், இதுக்குப் பேரு பழக்கமா?" என்று கத்தினாள். அவன் சட்டத்தைக் கழற்றச் சொல்லி யாரிடம் போய்ச் சொல்வான், தற்காலிகம். இப்போது முதல் வரிசையில் உட்கார்ந்து, தனபால் கையை உயர்த்தும்போதெல்லாம், "இறக்காதே இறக்காதே, எங்க காட்டுல இறக்காதே" என்று கழுத்து நரம்பு புடைக்கக் கத்துகிறாள். கத்தட்டும். அவள் கத்தாமல் யார் கத்துவது? ஆனால் அவள் கத்துகிற ஒவ்வொரு தரமும் லாரி சாய்கிறது. அவளுக்கு அது தெரியவில்லை, அவனுக்குத்தான் தெரிகிறது, இடுப்பில் தெரிகிறது. தான் ஒருத்தன் வாயைத் திறந்ததற்கு ஒரு பக்கம் அக்கா தொண்டை கிழியக் கத்துகிறாள், ஒரு பக்கம் வாயில்லா ஜீவன் வெயிலில் வேகிறது. நடுவில் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்குவதாக நடிப்பு. வெட்கமாக இருந்தது. ஒன்றுக்கும் முட்டியது. வெட்கத்தோடு சேர்ந்து முட்டினால் மனிதனுக்கு எதையும் ஒழுங்காக யோசிக்க வருவதில்லை.

கதவைத் தட்டினார் டாக்டர் செந்தாமரை. முப்பது வயதுகூட இருக்காது, சட்டையெல்லாம் நனைந்து, முழங்கை வரைக்கும் யானைச் சேறு. "அண்ணே, தூங்கலையே? கேட்டுக்கங்க. இன்னும் ஒன்னரை மணி நேரம். அதுக்கு மேல நான் மருந்து ஏத்த மாட்டேன். ஏத்துனா நின்ன வாக்குல சரிஞ்சிடும், சரிஞ்சா இந்த வண்டிக்குள்ள எந்திரிக்க எடம் இல்ல, மூச்சு முட்டிப் போயிடும்." "ஏத்தலேன்னா மேடம்?" "முழிச்சுக்கும். கயிறு தாங்குமான்னு என்னைக் கேக்காதீங்க." சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு கண்ணாடி வழியாகக் கூட்டத்தைப் பார்த்து, "அந்தப் பச்சைச் சேலை அம்மா உங்களையேதான் பாக்கறாங்க. தெரிஞ்சவங்களா?" என்றார். "இல்ல மேடம்" என்றான் இன்னாசி. சொன்னது நாக்கில் கசந்தது. டாக்டர் போய்விட்டார், தெரிந்துகொண்டு போனாரா தெரியாமல் போனாரா? ரேஞ்சர் காலையிலிருந்து எல்லாரிடமும் ஒரே கேள்விதான் கேட்கிறார், எவன் சொன்னது, நம்ம ஆளில் எவனோ ஒருத்தன்தான் என்று. கேட்கும்போது இன்னாசியின் முகத்தை மட்டும் பார்ப்பதில்லை. டிரைவரைப் போய் யார் நினைப்பார்கள்? ஸ்டியரிங்கை நினைக்கிற மாதிரிதான். தான்தான் சொன்னது என்று தெரிந்த அன்றைக்கு வராந்தாவில் சாவியை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சொல்லாமல் இருந்திருந்தால்? இந்நேரம் பந்தல்காரனை மேட்டில் இறக்கியிருப்போம், இவன் நாலு நாள் சுற்றிவிட்டு வாசம் பிடித்துக் கீழே இறங்கி லைன் வீட்டுக் கதவை முட்டியிருப்பான். சத்துணவுக் கூடத்து அரிசி, கடைப் பருப்பு, பந்தல் ஒன்றுதான் மலையில் கிடையாது. லூர்து காலையில் எழுந்து கதவைத் திறந்திருப்பாள். அதையாவது நினைத்துப் பார்க்க முடிகிறதா, முடியவில்லை. அப்போ சொன்னது சரி. சரியென்றால் பின்னால் இது செத்துக்கொண்டிருக்கிறதே, அதுவும் சரியா? சுற்றிச் சுற்றி வந்தாலும் செக்கு அதே இடத்தில்தான் நிற்கிறது. எல்லாரும் சரியாகத்தான் பேசுகிறார்கள், அதுதான் பெரிய எரிச்சல். நல்லாம்புதூர்க்காரன் பிடி என்றான், சரி. டாக்டர் சீக்கிரம் இறக்கு என்கிறார், சரி. தனபால், காடு காடு என்கிறீர்களே இங்கே ஆள் இருக்கிறதே என்கிறார், அதுவும் சரி. அந்தப் பெரிய ஆபீசில் பச்சைக் கலர் அடித்த வரைபடத்தில் ஆளைப் போட மறந்துவிட்டார்கள். பச்சை என்றால் காலி என்று நினைப்பு. மஞ்சப்பாறைக்கு இவர்களுடைய தாத்தன் பூட்டனையும் இப்படித்தான் கூட்டி வந்தார்கள், மேலே காலி இடம், போனால் சோறு என்று சொல்லி. அவர்களையும் யாரும் கேட்கவில்லை. ஒரே வித்தியாசம், அவர்களுக்குக் கண்ணைக் கட்டவில்லை. சரி, ஆட்டை மாட்டை ஏற்றினாலும் இறக்குகிற இடத்தில் ஒரு ஆள் நின்று எண்ணி வாங்கிக்கொள்வான். இதை வாங்கிக்கொள்ள எவன் இருக்கிறான்?

கூட்டத்துக்கு நடுவே அசைவு தெரிந்தது. ரேஞ்சரும் தனபாலும் தோளில் கை போடாத குறையாகச் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். காலையிலிருந்து ஒருவரை ஒருவர் கடித்துக் குதறினவர்கள். ஜனங்கள் எழுந்து பின்பக்கத் தூசியைத் தட்டினார்கள், தார்ப்பாய்களை உதறி மடித்தார்கள், யாரோ கைதட்டினார்கள், எமிலி சிலுவை போட்டுக்கொண்டாள். ரேஞ்சர் ஜன்னலில் கையை வைத்து, "எடு இன்னாசி. பேசியாச்சு. இங்க இல்ல, ஈச்சங்குழி" என்றார். ஈச்சங்குழி. எஸ்டேட் எல்லை தாண்டி ஆறு கிலோமீட்டர் மண்ரோடு, அதற்கு அப்பால் காடு, நடுவில் முப்பது வீடு. "சார், அங்க ஆளு இருக்கே சார்." "இருக்காங்க. அவங்க காட்டு ஆளுங்கப்பா. அவங்களுக்கு யானை புதுசா என்ன?" தனபாலும் தலையை ஆட்டினார். "அவங்க பாத்துக்குவாங்க தம்பி. அதுங்களுக்கு அது பாஷை தெரியும்." காலையில் இதே வாய்தான் ஒலிபெருக்கியில் மலைமக்கள் உயிர் என்ன மயிரா என்று கேட்டது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. ஈச்சங்குழிக்காரர்களுக்குச் சங்கம் கிடையாது, மறிக்கத் தார்ரோடு கிடையாது, மறித்தாலும் நிற்க ஒரு பஸ் கிடையாது. அணை கட்டும்போது ஒருதரம், புலிக்காக ஒருதரம் என்று இரண்டுதரம் அவர்களையே அங்கேயிருந்து இங்கே, இங்கேயிருந்து அங்கே நகர்த்தியாகிவிட்டது. போன வருஷம் மருத்துவ முகாமுக்கு அவன்தான் ஜீப் ஓட்டிப் போனான். ஓலையும் தகரமுமாகக் கூரை, மண்சுவர், கதவு இருக்கிற இடத்தில் பாதி வீட்டில் சாக்கு. கல்தூணை முறிக்கிறவனுக்குச் சாக்கு எம்மாத்திரம்? "அங்க சொல்லியாச்சா சார்?" என்று கேட்டான். ரேஞ்சர் அவனை முதல் தடவையாக முகத்துக்கு நேராகப் பார்த்தார். "ஏன், நீ போன் போட்டுச் சொல்லப் போறியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். இன்னாசி சாவியைத் திருகினான்.

ரேஞ்சர் ஜீப்புக்குப் போனதும் இந்தப் பக்கத்துக் கதவில் லூர்து வந்து நின்றாள். இனி நடிக்க என்ன இருக்கிறது, வழிதான் விட்டாயிற்றே. "ஒன்னுக்குப் போனியாடா? மூஞ்சி ஏன் அப்படி இருக்கு?" என்றாள். தொண்டை கட்டிப்போய்க் குரல் பாதிதான் வந்தது. அவனுக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது, இவள் ஒருத்திக்குத்தான் இதெல்லாம் தெரியும். "அக்கா, ஈச்சங்குழில உனக்குத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்காங்களா? ஒரு நம்பர் இருந்தா குடு." "அங்க ஏதுடா டவரு?" "இருந்தா சொல்லு." அவள் யோசித்தாள், உண்மையாகவே யோசித்தாள். "மொளகு பறிக்கிற சீசனுக்கு ஒருத்தி வருவா, மூக்குல ரெண்டு பக்கமும் குத்தியிருப்பா. பேரு கேட்டதில்ல." பிறகு லாரிக்குப் பின்னால் ஒழுகுகிற தண்ணீரைப் பார்த்தாள், மரப்பலகை இடுக்கில் தெரிந்த சாம்பல்நிறத் தோலைப் பார்த்தாள், தானாக ஓரடி பின்னால் போனாள். "அங்கதான் விடப்போறாங்களா?" என்றாள். "அங்கதான்." கொண்டையை அவிழ்த்தாள், முடிந்தாள். "நான் என்னடா பண்ணட்டும்? அவங்க எங்க நெறையில இல்லையே" என்றாள். அதைச் சொல்லும்போது அவனைப் பார்க்கவில்லை. அவள் மேல் கோபப்பட அவன் வாயைத் திறந்தான், கோபம் வரவில்லை. அவனுடைய நிரையிலும் அவர்கள் இருந்ததில்லை. செவ்வாய்க்கிழமை வேப்பமரத்தடியில் நின்று, ஈச்சங்குழி என்று அவர்கள் வரைபடத்தில் காட்டியிருந்தால், அவன் யாருக்குப் போன் போட்டிருப்பான்? போய் டீ குடித்திருப்பான்.

டாக்டர் ஓடி வந்தார். "அண்ணே, முக்கால் மணிதான் என் கையில இருக்கு. மருந்து கலைஞ்சிட்டு வருது, காது ஆட ஆரம்பிச்சிருச்சு. மெதுவாப் போங்க, குலுங்கக் கூடாது, ஹாரன் மட்டும் அடிச்சிடாதீங்க, மெரண்டா என்னால புடிக்க முடியாது." சரி மேடம் என்றான். லாரி நகர்ந்தது, ஜனங்கள் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள், சிலர் கும்பிட்டார்கள், சிலர் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். எல்லார் முகத்திலும் கல்யாணம் முடிந்து பந்தியில் எழுந்த களை. தேயிலை முடிந்து மண்ரோடு வந்தது. சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னால் பெரிய மூச்சு ஒன்று வந்தது, கேபின் முழுக்க வைக்கோலும் மூத்திரமும் கலந்த சூடு. பொறுடா, பொறு, எனக்கும்தான் முட்டுகிறது. மெதுவாக, முட்டை ஏற்றின வண்டி மாதிரி ஓட்டினான். நல்லபடியாக ஓட்டினால் இது பிழைக்கும். பிழைத்தால் ராத்திரிக்குள் அந்த முப்பது வீட்டைச் சுற்றி வாசம் பிடிக்கும். நல்லபடியாக ஓட்டுவதே தப்பாகப் போகிற வேலையை உலகத்தில் வேறு எவனுக்காவது கொடுத்திருக்கிறார்களா? அவர்கள் இப்போது என்ன செய்துகொண்டிருப்பார்கள்? அடுப்புக்கு விறகு, பிள்ளைகள் ஓடையில், ஆண்கள் பாதிப்பேர் எஸ்டேட் கூலிக்கு. பொழுது சாய்ந்தால் காட்டுப் பக்கம் ஒதுங்கப் போவார்கள், அவர்கள் வீட்டில் கொல்லை என்று தனியாக ஏது? அவர்களுக்குப் பழகின யானைகளின் நேரம் தெரியும், வழி தெரியும். இவனைத் தெரியாது. இவன் மனிதவாசம் அறிந்தவன், வெடிக்குப் பயப்படாதவன், கதவுக்குப் பின்னால் அரிசி இருக்கும் என்று தெரிந்தவன். அதைச் சொல்ல வேண்டாமா ஒருத்தன்? யார் சொல்வது? சொன்னவனைத்தான் தேடிக்கொண்டிருக்கிறார்களே. கடைசித் திருப்பத்தில் மரங்களுக்கு மேலே புகை தெரிந்தது, வீட்டுப் புகை. இன்னாசியின் கை தானாகப் போயிற்றென்று பிற்பாடு அவன் சொல்லிக்கொள்ளலாம். தானாகப் போகவில்லை, அவன்தான் வைத்தான். ஹாரனை அழுத்தினான்.

மலையில் அந்தச் சத்தம் இரண்டு பக்கமும் மோதி மோதித் திரும்பியது. பின்னால் யானை உதறியது, லாரி ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது, மேலே வாட்சர் ஒருவன் ஐயோ என்றான், கயிறு இறுகி முனகியது. செல்போன் அடித்தது, டாக்டராக இருக்கும், ரேஞ்சராக இருக்கும், எடுக்கவில்லை. பின்னால் ஜீப்பின் விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. மன்னித்துக்கொள்ளடா, இன்னும் கொஞ்ச தூரம்தான், மன்னித்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னான், சொல்லிக்கொண்டே மறுபடியும் அழுத்தினான், கையை எடுக்காமல் அழுத்தினான். போகட்டும் வேலை, போகட்டும் பதினோரு வருஷம். வீடுகளிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். பஸ்ஸே வராத ஊரில் ஹாரன் கேட்டால் யார்தான் வரமாட்டார்கள், எல்லார் முகத்திலும் சந்தோஷம். ஒருத்தி பாயில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டையைத் துழாவிக்கொண்டிருந்தவள் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ரோட்டோரத்துக்கு ஓடி வந்தாள், மரப்பலகைக்கு மேலே அந்தப் பெரிய தலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். லாரி மெதுவாகத்தான் போனது, அவள் கூடவே நடந்து வந்தாள். "கோயில் ஆனையாண்ணா?" என்று கேட்டாள். அவன் இல்லையென்று தலையாட்டினான். "காட்டானையா! எந்தூருக்குக் கொண்டு போறீங்க?" அக்காவிடம் சொன்னதுபோல இவளிடமும் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது, இருட்டினால் வெளியே வராதீர்கள், அரிசியை வீட்டில் வைக்காதீர்கள், பிள்ளைகளை ஒரே வீட்டில் படுக்க வையுங்கள், இரண்டு நாள் காட்டுக்குப் போகாதீர்கள். லாரி நகர்ந்துகொண்டிருந்தது, ஒரு சொல்லுக்குத்தான் நேரம் இருந்தது. "இங்கதான்" என்றான் இன்னாசி. அவள் சிரித்துவிட்டாள், லாரிக்காரன் கேலி பேசுகிறான் என்று. அவன் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "இங்கதான்மா, உங்க ஊர்லதான்" என்று கத்தினான். அவள் நடப்பதை நிறுத்தினாள், சிரிப்பு இன்னும் வாயில் இருக்க, திரும்பி வீடுகளைப் பார்த்தாள்.